சம்பங்கியின் உள்பக்கம்

வண்டி இன்னும் வரவில்லை. மேடையில் பச்சைத் தழை மட்டும் ஏறி நின்றது, பூ ஏறாத மேடை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்று மேடை கட்டுகிற மயில்சாமி சொல்வான், அப்படித்தான் இருந்தது. கால் கடுக்கிறதே என்று சௌந்தரம் நடுவில் போட்டிருந்த இரட்டை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்த பிறகுதான் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப் போகிற நாற்காலி என்று உறைத்தது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு எழுந்து மேடைப் படியில் உட்கார்ந்தாள். கோபியில் இந்த மண்டபத்துக்கு எத்தனை கல்யாணத்துக்குப் பூ கட்டியிருப்பாள், கணக்கில்லை. ராத்திரி வரவேற்பு, விடிந்தால் முகூர்த்தம். சமையல்கட்டில் பருப்பு தாளிக்கிற சத்தம் கேட்டது, கடுகு வெடிக்கிற சத்தம், அதோடு சேர்ந்து வரவேண்டிய ஒன்று வரவில்லை, சத்தம் மட்டும் தனியாக வந்து விழுந்தது, உமி மாதிரி. காலையில் கருப்பணன் போன் பண்ணினான். சத்தியமங்கலம் மார்க்கெட்டில் அவளுக்குப் பூ எடுத்துக் கொடுக்கிறவன் கருப்பணன், நல்ல சேதிக்குப் போன் பண்ணுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. மல்லி இல்லை என்றான். ரோசாவும் இல்லை என்றான். ராத்திரி அடித்த மழையில் பாதி மொட்டு கொட்டிப்போச்சு, மிச்சத்தை விடிவதற்குள் ஒரு சாவு வாரிக்கொண்டு போய்விட்டது, செத்தவர் நாலு ஊருக்குப் பெரிய பண்ணைக்காரர், வாசலில் இருந்து சுடுகாடு வரைக்கும் பூ இறைக்கப் போகிறார்களாம், பிணத்துக்குப் போன பூவைக் கல்யாணத்துக்குக் கேட்க முடியுமா என்று சொல்லி அவனே சிரித்தும் கொண்டான். குளிர் ரூமில் கட்டின சம்பங்கிச் சரம் இருக்கிறது, வெள்ளைதானே வேணும் உங்களுக்கு, அதைப் போட்டு விடுகிறேன் என்றான். அப்புறம்தான் அதைச் சொன்னான். "நேத்துக் கட்டுனதும் அதுக்கு முந்தி கட்டுனதும் கலந்து கெடக்குதுங்க்கா. நீங்க மோந்து பாத்தாத் தெரிஞ்சிரப் போகுது. ஆகாததைத் திருப்பி அனுப்பிருங்க."

மோந்து பாத்தாத் தெரிஞ்சிரும். சரிங்க கருப்பணா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வேறு என்ன சொல்லமுடியும். கார்த்திகை மழையில் வந்த அந்தக் காய்ச்சலில் உடம்பு முழுக்க எரிந்து அடங்கி, பாயிலிருந்து எழுந்து குடித்த முதல் காப்பி வெறும் சுடுதண்ணியாக இருந்தது, பொடி போட மறந்துட்டீங்களா என்று புருசனைக் கேட்டாள், அவர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்குது என்றார். நாக்கு செத்துக் கிடக்கும், நாலு நாளில் சரியாகும் என்று நினைத்தாள். சோப்பு கல்லாக இருந்தது. விபூதி சுண்ணாம்பாக இருந்தது. வேலைக்குத் திரும்பின அன்றைக்கு ஒரு கூடை மல்லியில் முகத்தை வைத்தாள், ஈரமும் குளிர்ச்சியும் கன்னத்தில் பட்டது, மூக்குக்குள் ஒன்றும் ஏறவில்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே யாரோ செத்துக் கிடக்கிற வீடு மாதிரி இருந்தது. ஈரோட்டு டாக்டர் நரம்பு என்றார், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார், அதை வீட்டில் இருந்தே நான் சொல்லியிருப்பேனே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கருப்பணன் கழிசலையெல்லாம் கட்டி அனுப்புவான், அனுப்பமாட்டான், அவன் அப்படிப்பட்டவன் இல்லை, ஆனால் அவன் ஒருத்தனிடம் சொல்வான், அந்த ஒருத்தன் மார்க்கெட்டுக்கே சொல்வான். மூக்கில்லாத பூக்காரி. அந்த வார்த்தையை அவளே உண்டாக்கி, அவளே அதை மற்றவர்கள் வாயில் வைத்துக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் யாராவது இரண்டு பேர் தள்ளி நின்று பேசினால் அதைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். பரணில் எலி செத்து நாறியதைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. கேஸ் அடுப்பைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டு, தீக்குச்சியும் கையுமாகச் சாமி விளக்கு முன்னால் போய் நின்ற அன்றைக்கு அதே பக்கத்து வீட்டுக்காரிதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினாள். கையில் குச்சி. கிழிக்கவில்லை. கிழித்திருந்தால். இன்னும் சில சமயம் தூக்கத்தில் கிழித்துவிடுகிறாள். பிறகு தன்மேலேயே பயம் வந்தது, என்மேல் என்ன அடிக்கிறதோ என்று, வெயிலில் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் எதற்கு ஜன்னல் பக்கம் திரும்பினாள் என்று, காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறாள், குளித்தது போதுமா என்று அவளுக்குத் தெரியாது.

மணி என்ன ஆகிறது என்று மயில்சாமி ஏணிமேல் இருந்தபடியே கேட்டான். கம்பு கட்டி, தழை சாத்தி, பூ ஏற்றுகிற வேலையெல்லாம் அவன்தான், அவளோடு இருந்தே தலை நரைக்கத் தொடங்கியவன், அதிகம் பேசமாட்டான். இந்நேரம் வண்டி வந்திருக்கோணுமே என்று அவன் சொன்னதற்கு, சாவு ஊர்வலத்துக்கு ரோட்டை மறித்திருப்பாங்க என்று சௌந்தரம் பதில் சொன்னாள், அவனுக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது, தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டு வருவது சென்னியப்பன். அவள் புருசன். ரெண்டு தடவை போன் பண்ணினாள், எடுக்கவில்லை, வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார், எடுக்கக்கூடாது என்று அவள்தான் சொல்லி வைத்தது. நல்லதுதான் எடுக்காதது. எடுக்காதது நல்லதா. இதுவே முன்காலமாக இருந்தால் அவளுக்கு இந்தப் பாடு இல்லை, வாசற்படியில் அவர் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும், உள்ளே அடுப்படியில் நிற்கிற அவளுக்கு முதலில் வந்து சேர்வது அவர் இல்லை, அந்த நாற்றம்தான், பாக்கைப் போட்டு மென்றாலும் ஏலக்காயை அடக்கிக்கொண்டாலும் அதற்கு அடியில் புளித்துக்கொண்டு கிடக்கும், கல்யாணமான நாளில் இருந்து அவளுக்கு ஒரே காவல் அந்த மூக்குதான். குடித்தால் அடிக்கிற ஆள் இல்லை அவர். அதைச் சொல்லியாக வேண்டும். குடித்தால் கனிந்து போகிற ஆள், அம்மிணி அம்மிணி என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வருவார், கால் பிடித்து விடட்டுமா என்பார், குடிக்காத நாளில்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை வெட்டுவார். ஆனால் குடித்துவிட்டு வண்டியை எடுத்து ஒரு தரம் வாய்க்காலில் இறக்கினார், பூக்கூடையெல்லாம் தண்ணியில் மிதந்து போனதைக் கரையில் நின்று பார்த்தாள், மறுதரம் மொபெட்டில் வந்த ஒரு பையனை உரசி அவன் முழங்கை மூட்டு விட்டுப்போனது. அதற்குப் பிறகு சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னால் அவள் பக்கத்தில் போய் நிற்பாள், சும்மா நிற்பாள், எதையோ தேடுகிற மாதிரி ஒரு மூச்சு இழுப்பாள், அவருக்கும் தெரியும் அது எதற்கென்று.

அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது அவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நெற்றித் துணியை மாற்றி மாற்றிப் போட்டார். எந்திரிச்சு உக்காந்தாப் போதும் தாயே, இனித் தொடமாட்டேன் என்று பண்ணாரி அம்மன் கோயிலில் போய்க் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார். அப்படியே நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றுதான் நினைத்தாள். முதல் பத்துப் பதினைந்து நாள் சிடுசிடுவென்று இருந்தார், கை நடுங்கியது, சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போனார், அதைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. பிறகு கனிந்து போனார். அம்மிணி என்றார். அவள் துணியையும் சேர்த்துக் காயப்போட்டார். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மார்க்கெட்டில் நடந்ததையெல்லாம் கேட்டார், இத்தனை வருசத்தில் அவள் பேசி அவர் கேட்டது இந்த மாசங்களில்தான், குடியில் ஒளிந்துகிடந்த நல்ல மனுசன் குடி போனதும் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டான் என்று நினைத்துக்கொண்டாள், இதற்காகத்தான் என் மூக்கை எடுத்துக்கொண்டாயா ஆத்தா, எடுத்துக்கோ என்று ஒருநாள் அம்மன் முன்னால் மனசார நின்றாள். மூக்கு போனதை அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காவல் போய்விடும். காவல் இல்லை என்று தெரியாதவரைக்கும் காவல் இருக்கிற மாதிரிதான். இப்போதும் சாவி கொடுக்கும்போது பக்கத்தில் போய் நின்று ஒரு மூச்சு இழுக்கிறாள், வெறும் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது, சரி போய்ட்டு வாங்க என்கிறாள். இன்றைக்குக் காலையும் அப்படித்தான். காலையில் கண் எப்படி இருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. சிவப்பு இருந்ததா. வெளிச்சத்துக்கு எதிரே நின்றார். படி இறங்கும்போது சுவரைப் பிடித்தார், பிடித்தாரா, சும்மா கை வைத்தாரா. நம்பிக்கை என்றால் ஒரு பக்கமாக இருக்கவேண்டும், இது தராசு முள் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிறது, ஆடி ஆடிக் கையே வலிக்கிறது.

வண்டி வந்தது. பின்வாசலில் ஆரன் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினாள், சேலை காலில் தடுக்கியது. முன்பக்கம் நசுங்கவில்லை, கண்ணாடி உடையவில்லை, அதைத்தான் முதலில் பார்த்தாள். சென்னியப்பன் இறங்கி, அவள் நினைத்த மாதிரியே, சாவு ஊர்வலம், ஒரு வண்டியை விடலை என்றார். நேராகத்தான் நின்றார். அவள் மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. பெட்டிகளை இறக்கினார்கள். சரங்கள் குளிர் ரூமில் இருந்து வந்த விறைப்போடு, தண்ணி தெளித்து, வெள்ளை வெளேரென்று இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு கைத் தடிமன். மயில்சாமி பெட்டியைத் திறந்துவிட்டு வழக்கம்போல ஒதுங்கி நின்றான், அக்கா மோந்து பார்க்கட்டும் என்று. அவள் குனிந்தாள். முகத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டால் ஒருவேளை. சில்லென்று ஈரம் மூக்கு நுனியில் ஒட்டியது. தூரத்தில் சின்ன வயசில் எங்கேயோ கேட்ட பாட்டின் சொல் மறந்துபோய் மெட்டும் மறந்துபோய், பாட்டு ஒன்று இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிற மாதிரி, அவ்வளவுதான். விரலால் ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்தாள், மொடமொடவென்றுதான் இருந்தது. போடலாம் என்றாள். மயில்சாமி உடனே எடுக்கவில்லை. "போட்டர்லாங்களாக்கா?" என்று மறுபடி கேட்டான். அவன் ஒருபோதும் மறுபடி கேட்கிறவன் இல்லை. அந்த இடத்தில் அவள் நின்றிருக்கவேண்டும், ஏன் கேக்கற, உனக்கு என்ன தோணுது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும், நாக்கு வரைக்கும் வந்தது, கேட்டால் மூக்கில்லாத பூக்காரி, வேறு பூவும் இல்லை, நேரமும் இல்லை. போடு என்றாள்.

ஏற்றினார்கள். வெயில் இறங்கி மண்டபத்துக்குள் மங்கியபோது மேடை முழுக்க வெள்ளை விழுந்து தொங்கியது, பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவளுக்கே ஒரு நிமிசம் நெஞ்சு நிறைந்தது. லைட்டுக்காரன் வந்து விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தான். பெரிய பெரிய விளக்கு, பக்கத்தில் நின்றால் முகம் காயும். கொஞ்ச நேரம் கழித்துப் பொண்ணின் அம்மா வசந்தாமணி சிரித்த முகமாக வாசலில் இருந்து வந்தாள், மேடையைப் பார்த்துக்கொண்டே வந்தாள், பாதி வழியில் நடை நின்றது. சேலைத் தலைப்பு மூக்குக்குப் போனது. சௌந்தரம் அந்தக் கையைத்தான் பார்த்தாள், தலைப்பை எடுத்து மூக்கில் வைக்கிற அந்தக் கையை. வேறு எதையும் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வசந்தாமணி சண்டைக்காரி இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "அழுகுன வாடை வருதுங்க்கா. உங்களுக்கு வரலீங்களா?"

வரலீங்க என்று சொல்லலாம், உண்மை அதுதான். வருது என்று சொல்லலாம், அப்படியானால் தெரிந்தேதான் போட்டீங்களா என்று வரும். மயில்சாமி ஏணியில் ஏறி ஒரு சரத்தை அவிழ்த்துப் பிரித்தான், வெளிச்சுற்றுதான் வெள்ளை, உள்சுற்று முழுக்கப் பழுத்துக் குழைந்து சகதியாக இருந்தது, பழைய சரத்தின்மேல் புதுப் பூவைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், விளக்குச் சூட்டில் உள்ளே வெந்துவிட்டது. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசம் தெரியறதில்லீங்க என்று அப்போதுதான் சொன்னாள். இத்தனை மாசம் தொண்டையில் வைத்திருந்தது இவ்வளவு சின்னதாக வெளியே வந்து விழுந்தது. மயில்சாமி ஏணியிலேயே நின்றான், அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. சௌந்தரம் கருப்பணனுக்குப் போன் போட்டாள். அவன் பதறிப்போய், கட்டுன பொம்பளைங்க வேலைங்க்கா அது என்று சாமி மேல் சத்தியம் பண்ணி, பக்கத்திலேயே ஒரு தோட்டத்தில் வெள்ளைச் செவ்வந்தி செடியிலேயே நிற்கிறது, சுருக்காக வண்டி அனுப்பினால் அறுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான்.

நான் போறேன் என்று சென்னியப்பன் வந்து நின்றார். பின்வாசலில், வண்டி ஓரத்தில், மயில்சாமியும் கூட இருந்தான், அவனும் ஏறிக்கொள்ள வேண்டியவன், பூ அளந்து வாங்க ஆள் வேண்டுமே. சாவி அவர் கையிலேயே இருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள், பழக்கம், மூச்சு இழுத்தாள், அதுவும் பழக்கம்தான், இனி யாருக்காக அந்த நடிப்பு என்று தோன்றியது. இவ்வளவு வருசத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டாள்.

"ஏனுங்க, குடிச்சிருக்கீங்களா?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். கனிவாகத்தான் சிரித்தார். "நீயே பாத்துக்கோ அம்மிணி" என்று சொல்லிவிட்டு, குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். வெதுவெதுப்பாக அது அவள் உதட்டில் பட்டது, மூக்கில் பட்டது, கண்ணிமையில் பட்டது. அவ்வளவுதான் அவளுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அவர் தோளுக்குப் பின்னால் மயில்சாமி இருந்தான். மயில்சாமி முகத்தைச் சுளித்துச் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், திரும்பினதை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு முதலில் புரிந்தது குடி அல்ல. இவருக்குத் தெரியும் என்பதுதான். குடித்த வாயைத் திறந்து பெண்டாட்டி முகத்தில் ஊதுகிற மனுசனுக்குத் தெரியும், அந்த முகத்தில் மூக்கு இல்லை என்று. இன்றைக்கு மேடையில் சொன்னதைக் கேட்டு வந்த தைரியமா இது, இல்லை, ஒரு நாளில் வருகிற தைரியம் இப்படிச் சிரிக்காது. அந்தக் காப்பியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்குது என்று அவள் முகத்தையே பார்த்தாரே, அன்றைக்கே தெரியும். கை நடுங்கின நாள் பத்துப் பதினைந்து. அதற்குப் பிறகு நடுங்கவில்லை. நடுங்காததைத்தான் அவள் விரதம் என்று நினைத்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, துணி காயப்போட்டது, மார்க்கெட்டில் என்ன நடந்துச்சு அம்மிணி என்று கேட்டது, அவள் வாழ்க்கையிலேயே நல்லபடியாக இருந்த அந்தச் சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து, வந்தபடியே நிறம் மாறின. ஒன்றையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்த்தாள், மாரியம்மன் பண்டிகை அன்றைக்கு, அன்றைக்கு இருக்காது, அன்றைக்கும்தான் கால் பிடித்துவிடட்டுமா என்றார்.

"சாவியைக் குடுங்க" என்றாள். அவர் கொடுத்தார், சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அதை வாங்கி மயில்சாமியிடம் நீட்டினாள், நீயே ஓட்டிக்கிட்டுப் போய்ட்டு வா என்றாள். சென்னியப்பன் சமையல்கட்டுப் பக்கம் நடந்து போனார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

அவள் ஏணியில் ஏறினாள். செவ்வந்தி வருவதற்குள் இதையெல்லாம் இறக்கவேண்டும், தழையைத் துடைக்கவேண்டும், விளக்கை அணைக்கச் சொன்னாள், கதவு ஜன்னலெல்லாம் திறக்கச் சொன்னாள், கை பாட்டுக்கு வேலை செய்தது. நூலை அறுத்தால் சரம் பொத்தென்று கீழே விழும். பாதி இறக்கினபோது மயில்சாமி போன் பண்ணினான், செவ்வந்தி பறித்தாயிற்று, நல்ல பூ, கிளம்பிவிட்டேன், நாதசுரம் வருவதற்குள் மேடையை நிறுத்திவிடலாம் என்றான், அந்தக் கடைசி வார்த்தையில் இருந்து அவன் சொல்லாத வேறு ஒன்றும் கேட்டது, பாவம் என்கிற மாதிரி. நிறுத்திவிடலாம். மேடை நிற்கும். கல்யாணம் நடக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாளைக்கும் பூ வாங்கவேண்டும், நாளன்றைக்கும், மயில்சாமி மோந்து பார்த்துச் சொல்வான், அதில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவாள் மோந்து பார்த்துச் சொல்ல. சரத்தை இழுத்தாள், அறுபடவில்லை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், அது நெஞ்சோடு வந்து மோதிப் பிரிந்து உள்ளே இருந்த குழைவெல்லாம் ரவிக்கையில் வழிந்தது. அப்படியே முகத்தை அதற்குள் வைத்து அழுத்தினாள். ஆழமாக இழுத்தாள், விலா வலிக்க இழுத்தாள். நாற்றமாவது வா, அழுகலாவது வா, சாராயமாவது வா, எதுவாக இருந்தாலும் வா. கன்னம் முழுக்கச் சில்லென்று ஈரம். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள்.

கீழே இருந்து வசந்தாமணி பார்த்துவிட்டாள். தலைப்பை மூக்கில் இருந்து எடுத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடப் போகிறாள் என்று பயம்.

"சௌந்தரக்கா, அழுவாதீங்க, எறங்குங்க. பூத்தானே, போனாப் போகுது. நானொண்ணும் வெசனப்படலீங்க."

அவள் முகத்தை எடுத்தாள். புறங்கையால் துடைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "பூத்தான்."

சொல்லிவிட்டு அடுத்த சரத்தின் நூலைத் தேடினாள்.